தொடக்கப்பள்ளி நிகழ்ச்சிகள்: பெற்றோரும் புதிய ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

தொடக்கப்பள்ளியில் பாடம் எடுப்பதைவிட விழா எடுப்பதுதான் ஆசிரியரை அதிகம் களைப்பாக்கும். 1 முதல் 5 வரை எல்லா வகுப்புகளுக்கும் மாறி மாறிப் பாடம் எடுத்திருக்கிறேன். விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறேன், ஆண்டு விழாவில் திரை இழுத்திருக்கிறேன், சுற்றுலாப் பேருந்தில் வாளி ஏந்தியபடி உட்கார்ந்திருக்கிறேன். அந்த வேலைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை.

ஓர் ஆண்டுக்கு எத்தனை நிகழ்ச்சிகள் வைக்கலாம்?

பெரியவை மூன்று போதும்: விளையாட்டு விழா, ஆண்டு விழா, ஒரு கல்விச் சுற்றுலா. மற்றதெல்லாம் வகுப்பறைக்குள்ளேயே, பாட நேரத்துக்குள்ளேயே நடக்கலாம். ஒரு பெரிய விழா குறைந்தது ஒரு வாரப் பாடத்தையாவது தின்றுவிடும். அது பரவாயில்லை, ஆனால் தெரிந்தே செய்ய வேண்டும்.

புதிதாக ஒரு நிகழ்ச்சியை யாராவது முன்மொழிந்தால் நான் கேட்பது ஒன்றுதான். பார்க்க ஒருவர்கூட வரமாட்டார் என்றாலும் இதை நடத்துவோமா? ‘ஆமாம்’ என்றால் அது பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி. யோசிக்க வேண்டியிருந்தால் அது நமக்கான நிகழ்ச்சி.

காலைக் கூட்டம் எவ்வளவு நேரம் நடக்கலாம்? பிள்ளைகள் மயங்கி விழுகிறார்களே?

15 நிமிடம். அதற்கு மேல் போனால் பின்வரிசையில் கிள்ளு விளையாட்டு தொடங்கிவிடும்.

மயக்கத்துக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: காலையில் சாப்பிடாமல் வருவது, அசையாமல் நிற்பது. அசையாமல் நிற்கும்போது ரத்தம் கால்களில் தேங்குகிறது, மூளைக்குப் போகும் அளவு குறைகிறது. வெயில் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ‘ஆடாமல் நில்’ என்று அதட்டுவதே பாதி மயக்கத்துக்குக் காரணம் என்பேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கைதட்டல், குதிகாலைத் தூக்கி இறக்குவது என்று ஏதாவது வைத்தால் போதும். அறிவிப்புகளின்போது உட்காரவே விடலாம்.

ஒரு பிள்ளை விழுந்துவிட்டால் தூக்கி நிறுத்தாதீர்கள். நிழலில் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள், சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள், சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். ஒரு நிமிடத்துக்குள் தெளியவில்லை என்றால் மருத்துவ உதவிக்கு அழையுங்கள்.

விளையாட்டு விழாவில் ஆண்டுதோறும் அதே நான்கு பேர்தான் ஜெயிக்கிறார்கள். என்ன செய்வது?

அந்த நான்கு பேரின் பிறந்த தேதியைச் சேர்க்கைப் பதிவேட்டில் பாருங்கள். நான் ஒருமுறை பார்த்தேன், அதற்குப் பிறகு ஓட்டப் பந்தயத்தைப் பழையபடி நடத்த மனம் வரவில்லை.

ஒரே வகுப்பில் வயதில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் கிட்டத்தட்ட 12 மாத வித்தியாசம் இருக்கலாம். நமக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் 6 வயதில் ஓராண்டு என்பது அதுவரை வாழ்ந்ததில் ஆறில் ஒரு பங்கு. உயரம், கால் நீளம், மூச்சுப் பிடிக்கும் திறன் எல்லாமே அதில் அடங்கும். முதலில் வருபவனை நாம் ‘திறமைசாலி’ என்கிறோம், பயிற்சியும் அவனுக்கே கொடுக்கிறோம், அடுத்த ஆண்டும் அவனே வருகிறான். கடைசியில் வருபவள் எட்டு மாதம் இளையவள் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. ‘எனக்கு ஓட வராது’ என்று அவளே முடிவு கட்டிவிடுகிறாள்.

இதற்கு ஒரு சின்ன வழி உண்டு. வகுப்பைப் பிறந்த தேதி வரிசைப்படி இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாக ஓடவிடுங்கள். பட்டியல் தயாரிக்க அரைமணி நேரம் ஆகும், அவ்வளவுதான். இன்னொன்று, தன்னைத் தானே முந்தும் போட்டி. விழாவுக்கு மூன்று வாரம் முன்பு எல்லாரையும் 50 மீட்டர் ஓடவிட்டு நேரத்தைக் குறித்து வையுங்கள். விழாவன்று யார் தன் பழைய நேரத்தை அதிகம் குறைத்தாரோ அவருக்குக் கைதட்டல். சென்ற முறை இப்படி நடத்தியபோது, எப்போதும் பந்தயத்துக்கு முன் கழிப்பறைக்குப் போய் ஒளிந்துகொள்ளும் ஒரு பையன் கோட்டுக்குப் பின்னால் ஷூ கயிற்றை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். ‘என் நேரம் 14, டீச்சர்’ என்றான். பக்கத்தில் நிற்பவனின் நேரம் என்ன என்று அவன் கேட்கவே இல்லை.

இசை நாற்காலி மட்டும் எல்லாருக்கும் பிடிக்குமே?

பார்ப்பவர்களுக்குப் பிடிக்கும். அதில் முதலில் வெளியேறும் பிள்ளை யார் என்று பாருங்கள். மெதுவாக நகர்பவர், தள்ளத் தெரியாதவர். யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அவர்தான் ஆட்டம் முழுக்கச் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். விதியை லேசாக மாற்றுங்கள். பாட்டு நிற்கும்போதெல்லாம் ஒரு நாற்காலியை எடுங்கள், ஆனால் பிள்ளைகளை வெளியேற்றாதீர்கள். மிச்சமிருக்கும் நாற்காலிகளில் எல்லாரும் எப்படியாவது இடம் பிடிக்க வேண்டும். கடைசியில் மூன்று நாற்காலியில் பதினைந்து பேர் தொங்குவார்கள், சிரிப்புச் சத்தம் அடுத்த கட்டிடம் வரை கேட்கும். நாற்காலிகள் உறுதியானவையாக இருக்கட்டும்.

பாதுகாப்பு பற்றி இரண்டு குறிப்புகளோடு இதை விடுகிறேன். கயிறு இழுக்கும்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள யாரையும் விடாதீர்கள், விரல் நசுங்கும். சாக்கு ஓட்டத்தைப் புல்லிலோ மணலிலோ மட்டும் வையுங்கள், சிமெண்டுத் தரையில் வேண்டாம்.

எல்லாருக்கும் பரிசு கொடுக்கலாமா?

எல்லாருக்கும் ஒரே பிளாஸ்டிக் கோப்பையைக் கொடுத்தால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட அது பரிசில்லை என்று தெரிந்துவிடும். நாம் ஏமாற்றுகிறோம் என்பதையும் புரிந்துகொள்வார்கள். என்னைக் கேட்டால் சின்ன வகுப்புகளுக்குப் பரிசே வேண்டாம். 4, 5ஆம் வகுப்புகளுக்கு இருக்கட்டும், தோற்கவும் பழக வேண்டும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருவரி எழுதிக் கொடுப்பேன். ‘தொடர் ஓட்டத்தில் குச்சி கீழே விழுந்தபோது திரும்பிப் போய் எடுத்தாய்’ என்பது போல. நாற்பது பேருக்கு எழுதக் கை வலிக்கும். ஆனால் அந்தத் துண்டுச் சீட்டைப் பென்சில் டப்பாவில் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள்.

என் பிள்ளை மேடை ஏற மாட்டேன் என்று அழுகிறாள். கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். முதலில் எதற்குப் பயம் என்று கேளுங்கள், ஏனென்றால் ‘மேடைப் பயம்’ என்று நாம் சொல்வது பல சமயம் வேறொன்றாக இருக்கும். உடை குத்துகிறது, பக்கத்தில் ஆடும் பையன் மிதிக்கிறான், மைக்கில் தன் குரலைக் கேட்டால் வேறு யாரோ பேசுவது போலிருக்கிறது. ஒரு சிறுமி ஒத்திகையில் ஒழுங்காக ஆடிவிட்டு விழாவன்று காலையில் முடியாது என்றாள். விசாரித்தால், விளக்கை அணைத்துவிட்டுத் திரை தூக்குவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு இருட்டுதான் பயம். விளக்கை அணைக்காமல் விட்டோம், ஆடினாள்.

உண்மையிலேயே மேடை பிடிக்காத பிள்ளைக்கும் விழாவில் வேலை இருக்கிறது. திரை இழுப்பது, அடுத்த குழுவை வரிசைப்படுத்துவது, தொகுப்பாளர் அட்டைகளை எடுத்துக் கொடுப்பது, காட்சிக்குக் காட்சி மரத்தை நகர்த்துவது. இவற்றை ‘நடிக்கத் தெரியாதவர்களுக்கான வேலை’ என்று சொல்லாமல் முதலிலேயே எல்லாருக்கும் அறிவித்து விருப்பம் கேளுங்கள். திரை இழுக்கும் வேலைக்கு எப்போதும் போட்டி அதிகம். கயிறு, ரகசியம், இருட்டு மூலை எல்லாம் அதில் இருக்கிறதே!

ஒத்திகைக்கு எத்தனை நாள்? விழா எத்தனை மணி நேரம்?

மூன்று வாரம், நாளுக்கு அரைமணி. அதற்குள் வராத நடனம் ஆறு வாரத்திலும் வராது, ஏனென்றால் அது அந்த வயதுக்கான நடனமே இல்லை. விழா இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சிறப்பு விருந்தினர் ஐந்து நிமிடம் பேசட்டும், அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முதல் வகுப்பின் நிகழ்ச்சியை முதலில் வைத்து முடித்துவிடுங்கள். ஒப்பனையோடு இரவு எட்டரை வரை காத்திருந்து தூங்கிப்போன பிள்ளையை எழுப்பி ஆடவிடுவதைப் போலக் கொடுமை வேறில்லை.

மைக் உயரத்தை முன்கூட்டியே பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளை நெற்றிக்கு மேலே இருக்கும் மைக்கைப் பார்த்துக்கொண்டு பேசுவது எல்லா விழாவிலும் நடக்கிறது.

மாறுவேடப் போட்டி?

வாடகைக் கடைக்கும் பெற்றோரின் பணப்பைக்கும் இடையில் நடக்கும் போட்டி அது. நடத்தியே ஆக வேண்டும் என்றால் பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி, கோந்து கொடுத்து வகுப்பிலேயே ஒரு மணி நேரத்தில் செய்யச் சொல்லுங்கள்.

அறிவியல் கண்காட்சியில் மாதிரிகளை அப்பா அம்மாவே செய்து தருகிறார்கள். எப்படித் தடுப்பது?

வீட்டில் செய்துவரச் சொல்லாமல் இருந்தால் போதும். கண்காட்சி என்ற சொல்லே தெர்மாகோல், பளபளப்புக் காகிதம், ஓடும் மோட்டார் என்று பெற்றோரை இழுத்துப்போகிறது. வாசலில் நிற்கும் பிள்ளை மனப்பாடம் செய்த நான்கு வரியை ஒப்பிப்பான். நடுவில் ஒரு கேள்வி கேட்டால் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குவான்.

எரிமலை மாதிரியைப் பற்றி ஒரு வார்த்தை. சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வருகிறது, நுரை பொங்குகிறது, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எரிமலைக்குள் அப்படி எந்த அமிலமும் சோடாவும் சந்திப்பதில்லை. பாறைக் குழம்பில் கரைந்திருக்கும் நீராவி முதலான வாயுக்கள், அழுத்தம் குறையும்போது குமிழிகளாகப் பிரிந்து அதை மேலே தள்ளுகின்றன. அமிலமும் காரமும் பற்றிச் சொல்லித்தர அந்தச் சோதனை நல்லது. எரிமலை பற்றிச் சொல்லித்தர அது தவறானது.

அதற்குப் பதில் என்ன? அவரை விதை, நான்கு கிண்ணம், ஈரப் பஞ்சு. ஒன்றில் ஈரமும் வெளிச்சமும், இரண்டாவதில் ஈரம் மட்டும், அதாவது இருட்டு அலமாரிக்குள். மூன்றாவதில் வெளிச்சம் மட்டும், பஞ்சு காய்ந்தே இருக்கும். நான்காவதில் விதையைத் தண்ணீருக்குள் முழுக மூழ்கடித்துவிட வேண்டும். எது முளைக்கும் என்று முன்னாலேயே ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிவிட வேண்டும், அழிக்கக் கூடாது. இருட்டில் இருப்பது முளைக்காது என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் எழுதுவார்கள். பெற்றோரும் அப்படியே சொல்லி அனுப்புவார்கள். சில நாளில் அலமாரியைத் திறந்தால் அதுவும் முளைத்திருக்கும். அவரை விதை முளைக்க வெளிச்சம் தேவையில்லை, ஈரமும் காற்றும் வெதுவெதுப்பும் போதும். உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. இன்னும் ஒரு வாரம் விட்டால் இருட்டுச் செடி வெளிறி, மஞ்சளாக, மற்றதைவிட நெட்டையாக வளர்ந்திருக்கும். ‘இது ஏன் டீச்சர் உயரமா இருக்கு?’ என்ற கேள்வி அங்கே தானாக வரும். வெளிச்சத்தைத் தேடி நீள்கிறது என்று நான் உடனே சொல்வதில்லை. இரண்டு நாள் தவிக்க விடுவேன்.

இன்னொரு மலிவான சோதனை: மைதானத்தில் ஒரு குச்சியை நட்டு மணிக்கொரு தரம் அதன் நிழல் நுனியில் கல் வைப்பது. மிகக் குட்டையான நிழல் பெரும்பாலும் கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு விழாது. ஒரு பெரிய நிலப்பரப்புக்கே பொதுவாக வைத்த நேரத்தைக் கடிகாரம் காட்டுகிறது, சூரியனோ ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு நேரத்தில் உச்சிக்கு வருகிறது. ஐந்தாம் வகுப்புக்கு இது ஒரு வாரத்துக்கான தீனி.

பிள்ளைகளின் நோட்டு, தப்பான ஊகங்கள், காய்ந்த விதை எல்லாவற்றையும் அப்படியே மேசையில் வையுங்கள். அதுதான் கண்காட்சி.

எந்தெந்தச் சிறப்பு நாட்களைப் பள்ளியில் கொண்டாடலாம்?

நாட்காட்டியில் இருப்பதையெல்லாம் கொண்டாடத் தொடங்கினால் பாடம் நடத்த நாள் இருக்காது. உலகம் முழுக்கப் பொதுவாக இருப்பவற்றில் நான் நான்கை எடுத்துக்கொள்வேன்.

பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாள். 1952இல் அதே தேதியில் டாக்காவில் வங்க மொழிக்காகப் போராடிய மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் நினைவாக யுனெஸ்கோ 1999இல் இந்த நாளை அறிவித்தது. எனக்கு மிகவும் பிடித்த நாள் இதுதான். ஏனென்றால் மேடை, மாலை எதுவும் தேவையில்லை. கரும்பலகையில் ‘தும்பி’ படம் ஒன்றை வரைந்து உங்கள் வீட்டில் இதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டால் போதும். ஒரே மொழிக்குள்ளேயே ஏழெட்டுச் சொற்கள் வந்து விழும். வீட்டில் வேறு மொழி பேசுவதை அதுவரை வெளியே சொல்லாத பிள்ளை அன்றைக்கு எழுந்து நிற்கும்.

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். 1972இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கிய தேதி அது, 1973 முதல் கடைப்பிடிக்கிறார்கள். கன்று நடுவது எளிது, படம் எடுப்பது அதைவிட எளிது. சென்ற ஆண்டு நட்ட கன்று எங்கே என்று பிள்ளைகளோடு போய்ப் பார்ப்பதுதான் என் வகுப்பின் வழக்கம். அந்த நடை சில சமயம் சங்கடமாக இருக்கும்.

அக்டோபர் 15, உலகக் கைகழுவும் நாள், 2008 முதல். நவம்பர் 20, உலகக் குழந்தைகள் நாள். குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1989இல் ஏற்றது இந்தத் தேதியில்தான். அதன் 31ஆவது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்கிறது. விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்குக் கடன் வாங்கும் ஆசிரியர்கள், நானும் வாங்கியிருக்கிறேன், அந்தப் பிரிவை ஒருமுறை படிக்கலாம்.

சுற்றுலாவில் பிள்ளையைத் தவறவிடாமல் இருக்க என்ன வழி?

எண்ணுவது. வேறு மந்திரம் இல்லை. ஆனால் எண்ணுவதில் ஒரு முறை வேண்டும். தலையை எண்ணினால் தப்பு வரும், பிள்ளைகள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள், அவர்களே வரிசையாகச் சொல்லட்டும். ‘பதினேழு’ என்ற குரல் வராவிட்டால் யார் இல்லை என்பது அந்த நொடியே தெரியும். ஏறும்போது, இறங்கும்போது, சாப்பிட்ட பின், கழிப்பறையிலிருந்து வந்த பின் என்று ஒவ்வொரு முறையும். அப்புறம் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி. ஜோடியைக் கேட்காமல் யாரும் எங்கும் போகக் கூடாது.

சின்ன வகுப்புகளுக்கு 6 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவராவது வேண்டும் என்பது என் கணக்கு. ஆள் இல்லை என்றால் அருகிலேயே போங்கள். தபால் நிலையம், தீயணைப்பு நிலையம், நூலகம் எல்லாம் சுற்றுலாதான். அடையாள அட்டையில் பள்ளியின் பெயரும் தொலைபேசி எண்ணும் வெளியே தெரியட்டும், பிள்ளையின் பெயர் உள்பக்கம் இருக்கட்டும். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சின்னப் பிள்ளைகள் நம்பிப் போய்விடுவார்கள்.

பேருந்தில் வாந்தி எடுப்பவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து நேரே சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி ஆடுவதை உள்காது உணர்கிறது, கண்ணோ முன்னிருக்கையைப் பார்த்து எதுவும் அசையவில்லை என்கிறது. இந்தச் சண்டைதான் குமட்டல். புத்தகமும் கைப்பேசியும் வேண்டாம். வாளி எப்போதும் இருக்கட்டும்.

சத்தம், கூட்டம் தாங்காத பிள்ளைகளை விழாவுக்கு அழைத்து வரலாமா?

கட்டாயம். ஆனால் அவர்களுக்கான ஏற்பாட்டோடு. ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி, கதவுக்கு அருகில் இடம். போய் உட்கார ஓர் அமைதியான அறையும் அங்கே தெரிந்த ஒரு முகமும். என்னென்ன எந்த வரிசையில் நடக்கும் என்று படமாக வரைந்து முந்தைய நாளே கொடுப்பது பெரிய உதவி, எதிர்பாராமல் வருவதுதான் அவர்களை அதிகம் குலைக்கிறது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை இருந்தால் மேடைக்குச் சாய்தளம் இருக்கிறதா என்று விழாவுக்கு ஒரு மாதம் முன்பே பாருங்கள். தூக்கி ஏற்றுவது உதவி போலத் தெரியும், பத்து வயதுப் பிள்ளைக்கு அது அவமானம்.

விழாப் படங்களைச் சமூக ஊடகத்தில் போடலாமா?

பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இருந்தால் மட்டும். பெயர், வகுப்பு, அடையாள அட்டை படத்தில் தெரியக் கூடாது. உங்கள் பிள்ளையோடு பக்கத்துப் பிள்ளையும் படத்தில் இருந்தால் அந்தப் பெற்றோரிடமும் கேளுங்கள்.

பிறந்தநாளுக்கு இனிப்பு கொண்டுவரலாமா?

ஒவ்வாமை இருக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம் கொடுங்கள். பழையதானாலும் சரி. முதல் பக்கத்தில் பிள்ளையே தன் பெயரை எழுதட்டும்.

பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் என்ன கேட்க வேண்டும்?

‘எப்படிப் படிக்கிறான்?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: யாரோடு விளையாடுகிறான்? எந்த நேரத்தில் அமைதியாகிவிடுகிறான்? எதைச் செய்யும்போது கூப்பிட்டால்கூடக் காதில் விழுவதில்லை? ஆசிரியருக்கு இவற்றுக்குப் பதில் தெரியவில்லை என்றால் அடுத்த கூட்டத்துக்குள் கவனிப்பார். பிள்ளையும் கூட இருப்பது நல்லது. தன்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று வீட்டு வாசலில் நின்று ஊகித்துக்கொண்டிருப்பது அதற்குப் பெரிய வேதனை.

நிகழ்ச்சிகளுக்குப் பெற்றோர் எப்படி உதவலாம்?

பணத்தைவிட ஆள் உதவி பெரிது. பந்தயத் தடத்தின் முடிவுக் கோட்டில் நிற்க, தண்ணீர் ஊற்ற, முதலுதவிப் பெட்டியோடு உட்கார, ஒரு மணி நேரம் கதை வாசிக்க. தங்கள் தொழிலைப் பற்றிப் பேச வருபவர்கள் கருவியோடு வாருங்கள். ஒரு தையல்காரர் அளவு நாடாவோடு வந்து எல்லார் தலையையும் அளந்தார், அன்றைக்கு மூன்றாம் வகுப்பில் சென்டிமீட்டர் பாடம் முடிந்துவிட்டது.

விழா முடிந்த மறுநாள் என்ன செய்வது?

பாடப் புத்தகத்தைத் திறக்காதீர்கள், யாருக்கும் ஏறாது. முதல் பாடவேளையில் மைதானத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து கூட்டுங்கள். இரண்டாவதில் நேற்று நடந்ததை ஒரு பக்கம் எழுதவோ வரையவோ சொல்லுங்கள். நாம் மூன்று வாரம் பாடுபட்ட நடனம் பெரும்பாலும் அதில் இருக்காது. மேடைக்குப் பின்னால் பார்த்த பல்லி இருக்கும், மழை வந்து எல்லாரும் ஒரே தார்ப்பாயின் கீழ் நின்றது இருக்கும். அந்தத் தாள்களைச் சேர்த்துத் தைத்து வையுங்கள், அடுத்த ஆண்டு விழாவுக்குத் திட்டம் போட உட்காரும்போது முதலில் அதைப் புரட்டலாம். அப்புறம், விட்டுப்போன பொருட்களை வாசலில் ஒரு மேசையில் பரப்பி வையுங்கள். தண்ணீர் பாட்டில்கள் அன்றைக்கே போய்விடும். ஒற்றைக் காலுறைகளுக்கு மட்டும் கடைசிவரை யாரும் வருவதில்லை.